கட்டாத மருமகனே

நீ போன்ல பேசி அனுப்பினத பக்கத்துக் காம்பிராப் பிள்ளை எனக்குப் போட்டுக் காட்டுச்சு மருமகனே. "மாமா, நாட்ட விட்டே வந்தாச்சு. அங்க வாங்கின கடன இனிமேயும் கட்டணுமா? இங்க ரூம்ல இருக்கிற பொடியன் சொல்றான், பிளேன் ஏறினா கடன் தொலஞ்சுதாம்"னு கேட்டிருக்க. பின்னால யாரோ மீன் பொரிக்கிற சத்தமும் கேட்டுச்சு. கட்டார்ல வாய்க்கு ருசியாத்தான் சாப்பிடுற போல. சந்தோசம்.

கட்டாத. ஒரு சதம் கட்டாத. கட்டச் சொல்லிப் புத்தி சொல்ல ஊர்ல ஆயிரம் பேர் கெடைப்பான். கட்டாம இருக்க வழி சொல்ல ஒரு தாய்மாமன்தான் இருப்பான். நல்லாக் கேட்டுக்க.

மொதல்ல போன் நம்பர மாத்து. நீ அத ஏற்கனவே செஞ்சிட்ட, கெட்டிக்காரன். ரெண்டாவது, பேஸ்புக்கில படம் போடாத. போன மாசம் ஒரு வெள்ளைக் கார் மேல கைய ஊண்டிக்கிட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ன பாரு, அந்தக் கார் ஒன் மொதலாளியோடதுன்னு எனக்குத் தெரியும். பாங்குத் தம்பிக்குத் தெரியாது. அவன் அந்தப் படத்த விரலால இழுத்துப் பெருசாக்கி என்கிட்டயே காட்டினான். "ஐயா, காரு வாங்கிட்டாரு. தவணைக் காசுதான் இல்லையாம்"னான். நான் என்ன சொல்ல? "கலர் நல்லாருக்கு தம்பி"ன்னேன்.

அப்புறம், மாரியம்மன் திருவிழாவுக்கு வராத. தேர் இழுக்க ஆள் பத்தலைன்னா நாங்க பாத்துக்கிறோம். தங்கச்சி கல்யாணத்துக்கு வராத. ஒங்கம்மா படுத்தாலும் வராத. அங்கயே கெடந்து செத்துடவும் செய்யாத மருமகனே, அது ரொம்ப வம்பு. பெட்டி கட்டுநாயக்கா வந்து, அங்கயிருந்து வேன்ல பசறை வந்து லயத்து வாசல்ல எறங்கினா, மாலையோட வாறவன்ல பாதிப் பேர் கடன்காரனாத்தான் இருப்பான். பந்தல்ல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே, இனி யார்கிட்ட வாங்கிறதுன்னு ஒவ்வொருத்தர் மொகமா பாப்பான்.

இதெல்லாம் ஒன்னால முடியும்னா இத்தோட நிப்பாட்டிக்கலாம். முடியாதுன்னா மேல கேளு. எனக்கும் இன்னைக்கு வேல இல்ல. மொனராகலையில விடியக்காலத்துல மழ பேஞ்சா ரப்பர்ப் பால் வெட்டு இல்ல. நான் வெட்டுக் கத்தியைக் கீழ வச்சு வருசக்கணக்காச்சு, ஆனாலும் மழைன்னா எனக்கு இன்னமும் லீவுதான்.

கடனோட ஓடினதுல நீதான் மொத ஆளுன்னு நெனச்சுப் பெருமைப்படாத. அந்தப் பெருமை துரைமாருக்குச் சேரும். நீ பொறந்த அந்தத் தேயிலை மலையெல்லாம் ஒரு காலத்துல கோப்பி மலை. 1869ல கோப்பி எலையில ஒரு நோய் விழுந்துச்சு. இலங்கையில அத மொதமொதல்ல கண்டுபிடிச்சது எங்கன்னு நெனைக்கிற? நம்ம மடுல்சீமையில. அங்கயிருந்து கெளம்பி மலைநாடு முழுக்கத் தின்னு தீத்துச்சு. தோட்டமெல்லாம் கடன்ல நடந்த தோட்டம். கோப்பி போனதும் கடன் கொடுத்தவனும் போனான். 1884 மே மாசம் ஓரியண்டல் பாங்கு கதவ மூடுச்சு. பல துரைமார் மூட்டையைக் கட்டி, கொழும்புல கப்பல் ஏறிப் போயிட்டாங்க. எங்க ஆளுக மாசக்கணக்கா வெட்டின வெட்டு, புடுங்கின புல்லு, எல்லாத்துக்கும் கூலி பாக்கி. துரை எந்தக் கப்பல்ல போனாருன்னு யாருக்குத் தெரியும்?

அந்த நேரம் கவர்னரா இருந்தவர் ஆர்தர் கோர்டன். பாங்கு படுத்ததும், அது அடிச்சு விட்ட நோட்டுக்கு அரசாங்கம் பொறுப்புன்னு சொல்லிட்டாரு. நோட்டு வச்சிருந்தவன் தப்பிச்சான். நோட்டு யார்கிட்ட இருந்துச்சு? எங்க பூட்டன் மடியிலயா? அவன்கிட்ட இருந்தது கூலி பாக்கி. தோட்டம் கைமாறினா கூலிக்காரன் பாக்கியத்தான் மொதல்ல தீக்கணும்னு பெறகு சட்டம் வந்துச்சு, நல்ல சட்டந்தான். அது வாறதுக்குள்ள எத்தனையோ பேர் பட்டினியில ஊரப் பாத்து நடந்திட்டான். இந்தக் குழப்பத்துக்கு நடுவுல 1890ல லிப்டன் துரை வந்தாரு. அப்புத்தளைக்கு மேல தம்பேதன்னைய வாங்கினாரு. கடன்ல முங்கின தோட்டமெல்லாம் மலிவா விலை போன காலம் அது. இன்னைக்கு அந்த மலை உச்சியில அவர் ஒக்காந்த எடம்னு சொல்லி வெள்ளைக்காரப் பிள்ளைக நின்னு படம் எடுக்குதுக.

அதனால ஓடுறது ஒண்ணும் கேவலமான வேல இல்ல. பெரிய மனுசன் செஞ்ச வேலதான்.

ஆனா நம்ம சாதிசனம் ஓடினா கதையே வேற. திருச்சி, புதுக்கோட்டை, சேலம்னு ஊர் ஊராப் போய் கங்காணி ஆள் கட்டினான். கையில முற்பணம். வழிச் சோத்துக் காசு, கப்பல் காசு, போத்திக்கிற கம்பளிக் காசு, எல்லாம் அவன் கணக்குல ஏறுச்சு. தோட்டத்துல காலு வைக்கும்போதே கடன்காரனாத்தான் வச்சான் எங்க பூட்டன். வேற தோட்டத்துக்குப் போகணுமா? 'துண்டு' வேணும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதக் கட்டினா விட்டுடறேன்னு ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதிக் கொடுக்கிற காயிதம் அது. ஆள விக்கிறதுன்னா கெட்ட பேச்சு. கடன விக்கிறதுன்னா கணக்கு வழக்கு. கடனோட ஆளும் சேந்து போவான், அவ்வளவுதான். சொல்லாமப் போனா 1865 சட்டப்படி மறியல். 1921ல அந்தத் துண்டையும் மறியலையும் சேத்துத் தூக்கினாங்க.

இதுல ஒனக்கு வேண்டிய சங்கதி ஒண்ணு இருக்கு. ராத்திரியோட ராத்திரியா ஒருத்தன் காட்டு வழியா ஓடிட்டான்னு வை. அவன் கடன் என்னாகும்? கங்காணி கணக்குல அது சாகாது. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நிக்கிறான் பாரு, அவன் தம்பி, அவன் மச்சான், அதே கூட்டத்து ஆளுக, அவனுக தலையில பிரிச்சுப் போட்டுடுவான். ஓடினவன் தப்பிச்சான். ஓடாதவன் கட்டினான். துரை ஓடினப்பவும் அதுதான் நடந்துச்சு, கூலிக்காரன் ஓடினப்பவும் அதுதான் நடந்துச்சு. கொஞ்சம் யோசிச்சுப் பாரு, ஒன் பெரட்டுல இப்ப யாரு நிக்கிறான்னு.

நீ படிச்சவன், மறுபேச்சு வச்சிருப்ப. பேசி அனுப்பினதுலயே சொல்லியிருக்க: "இந்த நாடு நமக்கு என்ன செஞ்சுது மாமா?" நல்ல கேள்வி. நானும் தோட்டக் கமிட்டித் தலைவரா இருந்தப்ப மேடை ஏறிக் கேட்ட கேள்விதான். 1948ல நம்ம ஆளுகளுக்குப் பிரஜாவுரிமை இல்லைன்னு சட்டம் போட்டாங்க. 1964 ஒக்டோபர்ல நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து ஒம்பதே முக்கால் லட்சம் பேரைப் பாகம் பிரிச்சாங்க. அஞ்சே கால் லட்சம் இந்தியாவுக்கு, மூணு லட்சம் இங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்தப் பெறகு பாப்போம்னு. பத்து வருசம் கழிச்சுப் பாத்து, அதையும் பாதி பாதியா வெட்டிக்கிட்டாங்க. கேக்கிறதுக்கு நம்மகிட்ட ஒரு ஆள் வரல. இங்கயே பொறந்து இங்கயே கெடந்து, கடைசியில 2003ல ஒரு சட்டம் வந்துதான் மிச்சம் இருந்தவங்களும் இந்த நாட்டு ஆளானாங்க. அதனால நாட்டுக்கு நீ கடன்காரன் இல்ல மருமகனே. நாடுதான் நமக்குக் கடன்காரன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

ஆனா கடைசிக் காம்பிராவுல இருக்கிற ஒன் சித்தி நாடு இல்ல. அவகிட்ட நீ சீட்டு எடுத்திருக்க.

சித்தி கதைக்கு அப்புறம் வாறேன். மொதல்ல இந்தியாவுக்குப் போனவங்க கதையைச் சொல்லணும், ஏன்னா அவங்களும் ஒன்ன மாதிரித்தான் கடன விட்டுட்டுப் போனவங்க, ஒரு வித்தியாசம் என்னான்னா அவங்க விரும்பிப் போகல. பதுளையில கோச்சி ஏறினா தலைமன்னார், அங்க கப்பல் ஏறினா ராமேஸ்வரம். அழுகைக் கோச்சின்னு பேர் வச்சோம். 1984ல கப்பல் நிக்கிற வரைக்கும் அந்த அழுகை. அந்தச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல ஒரு வரி உண்டு: ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்துக்கு எல்லை போட்டாலும், அந்த எல்லை 4,000 ரூபாவுக்குக் கீழ எறங்கக் கூடாதுன்னு. நாலாயிரம்! ஏதோ நம்ம ஆளுக பெட்டி நெறையத் தங்கம் கட்டிக்கிட்டுப் போற மாதிரி ரெண்டு அரசாங்கமும் ஒக்காந்து எழுதியிருக்கு. எங்க லயத்துல ஒருத்தர் கட்டிக்கிட்டுப் போனது ஒரு அம்மி.

அவர் போகும்போது கடைக்காரர் கொப்பியில 37 ரூபா நின்னுச்சு. அரிசி, கருவாடு, ஒரு போத்தல் மண்ணெண்ணெய். கடைக்காரர் கேக்கல. கோச்சி ஏறப்போறவன்கிட்ட எப்படிக் கேக்கிறது? இவரும் கொடுக்கல. கோத்தகிரிப் பக்கம் போயிட்டாரு. அரசாங்கம் தாயகம் திரும்பினவங்களுக்குன்னு தேயிலைத் தோட்டம் போட்டுச்சு, அவங்களுக்குன்னே 1969ல ரெப்கோ பாங்கு தொறந்துச்சு. போன எடத்துலயும் நமக்கு மொதல்ல கெடச்சது தேயிலையும் கடனுந்தான் பாரு.

வருசம் பல ஓடுச்சு. ஒரு ஆடி மாசம் கதிர்காமத்துக்கு வந்தாரு அந்த மனுசன், இந்தியப் பாஸ்போட்டோட. சாமி கும்பிட்டு முடிச்சு மொனராகலை பஸ்ஸுல ஏறி நேரா பழைய கடைக்கு வந்து நின்னாரு. கடைக்காரர் இல்ல, காலமாயிட்டாரு. கல்லாவுல மகன். கொப்பியும் இல்ல, கறையான் தின்னிருக்கும். இவரு வேட்டி மடிப்பை அவுத்து, நாலா மடிச்ச நோட்டுகளை எடுத்து வச்சு, "ஒங்கப்பாவுக்கு நான் முப்பத்தேழு ரூபா தரணும் தம்பி. வட்டி எவ்வளவுன்னு சொல்லு"ன்னாரு. மகன் அந்த நோட்டப் பாத்தான், இவரப் பாத்தான். "எங்கப்பா வட்டி வாங்க மாட்டாருங்க"ன்னான். கடையில நின்னவங்க கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. அப்புறம் அவனே, "ஆனா நான் வாங்குவேன்"ன்னு சொல்லி நோட்ட எண்ணிக் கல்லாவுல போட்டான். இந்தக் கதைய எங்க சொன்னாலும் ஆளுக அழுற எடத்துலயே நிப்பாட்டச் சொல்லுவாங்க. நான் மாட்டேன். வட்டி வாங்கினதுதான் எனக்குப் புடிச்ச பகுதி. வியாபாரின்னா அப்படி இருக்கணும்.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு புரக்டர் ஐயாகிட்ட கேட்டு வச்சிருக்கேன், ஒனக்கு உதவும். 1871ல வெள்ளைக்காரன் எழுதின காலாவதிச் சட்டம், இன்னமும் அதுதான். ஈட்டுக் கடனுக்குப் பத்து வருசம். எழுதிக் கையெழுத்து வச்ச கடனுக்கு ஆறு வருசம். கடைக் கொப்பிக் கடனுக்கு ஒரே வருசம். கூலி பாக்கிக்கும் அதே ஒரு வருசந்தான் எழுதி வச்சான். பாத்தியா? பாங்குக் கடனுக்கு ஆயுசு கெட்டி. பெட்டிக் கடைக்காரன் கொடுத்த அரிசிக்கும், வேல செஞ்சவன் கூலிக்கும் ஆயுசு அற்பம். நீ போய் வருசத்துக்கு மேலாச்சு, அதனால நீ கொப்பியில கடன் வச்ச கடைக்கார அண்ணன் ஒன்ன இனிக் கோட்டுக்கு இழுக்க முடியாது. பயப்படாத. ஒங்கம்மா மட்டும் அந்தக் கடை வாசலால போகாம, மேட்டால சுத்திக்கிட்டுப் போயி டவுன்ல சாமான் வாங்கிறா. முட்டி வலியோட.

இன்னொண்ணும் சொன்ன: "நாடே கடன் கட்டல மாமா, நான் ஏன் கட்டணும்?" அட, அது நெசந்தான். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாதுன்னு கைய விரிச்சுது இலங்கை. 5,100 கோடி டொலர். அத வாசிச்சப்ப எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்துச்சு. நம்மள மாதிரித்தான் எல்லாருமேன்னு. ஆனா மருமகனே, நாடு ஒண்ணு செய்யல. நம்பர மாத்தல. கடன் கொடுத்தவனக் கூப்பிட்டு, இவ்வளவு தள்ளு, இவ்வளவு பொறுன்னு ரெண்டரை வருசத்துக்கு மேல பேரம் பேசி, 2024 கடைசியில கடன் பத்திரத்த மாத்தி எழுதிக்கிட்டுது. பேரம் பேசிறதுக்கு எதிர்ல ஒக்காரணும். மொகத்தக் காட்டணும்.

சரி, உள்நாட்டுக் கடன் என்னாச்சு தெரியுமா? இதத்தான் ஒன் காதுல உரக்கப் போடணும். 2023 ஜூலையில உள்நாட்டுக் கடன மாத்தி அமைச்சப்ப பாங்குகளத் தொட வேணாம்னு விட்டுட்டாங்க, படுத்துடுமாம். தொட்டது யார? ஊழியர் சேமலாப நிதிய. ஈ.பி.எப். வட்டியக் கொறச்ச புதுப் பத்திரத்துக்கு மாறு, மாறலைன்னா வரி ரெண்டு மடங்குக்கு மேலன்னு சொன்னாங்க. யார் காசு அது? வாழ்க்க முழுக்கச் சம்பளத்துல புடிச்ச காசு. கொழுந்து எடுத்தவ காசு, பால் வெட்டினவன் காசு, ஒங்கம்மா காசு. நாடு கட்டாத கடனைக் கடைசியில கட்டினவங்க லயத்துல இருக்காங்க. அவங்க எங்கயும் ஓடல, அதனால.

இந்தியப் பெரும் பணக்காரர் விஜய் மல்லையாவைச் சொல்லுவியோ? 2016 மார்ச்சுல லண்டன் போனாரு, இந்திய பாங்குகளுக்கு 9,000 கோடி ரூபாவுக்கு மேல பாக்கி. நல்லாத்தான் இருக்காரு. அவர் பிளேன் கம்பெனியில வேல செஞ்சவங்க மாசக்கணக்காச் சம்பளம் இல்லாம ரோட்டுல நின்னாங்க, அது பேப்பர்ல சின்ன எழுத்துல வந்துச்சு. ஒன் கடன் அவர் கடன்ல ஒரு தூசு. நீ மல்லையா ஆகணும்னா இன்னும் நெறையக் கடன் வாங்கணும் மருமகனே, இந்தக் காசுக்கு லண்டன் காணாது, கட்டார்தான் காணும்.

இப்ப சித்திகிட்ட வருவோம்.

இருவது பேர் சீட்டு. மாசம் அஞ்சாயிரம். மொத சீட்டு ஒரு லட்சம், குலுக்காம ஒனக்கே கொடுத்தாங்க, "பிள்ள வெளிநாடு போறான், மொதல்ல அவன் எடுக்கட்டும்"னு. ஒருத்தரும் மறுக்கல. அந்த அஞ்சாயிரம் எப்படிச் சேருதுன்னு ஒனக்கு மறந்திருக்கும். 2024ல நாள் சம்பளத்தக் கூட்டினாங்க, அடிப்படை 1,350 ரூபா, மேல 350. அந்த 350 கெடைச்சது கொழுந்து எடை நெறைஞ்சாத்தான். பேர் வெட்டு, தீவாளி அட்வான்ஸ் புடிப்பு, கோயில் காசு, சந்தாக் காசு எல்லாம் போக கையில வாறதுல அஞ்சாயிரத்த ஒதுக்கி வைக்கிறாளுக. நீ அஞ்சு மாசம் அனுப்பின. பெறகு நிப்பாட்டிட்ட. இன்னும் சீட்டு எடுக்காதவங்க மிச்சம். சீட்டு புடிக்கிறவ ஒன் சித்திதானே, ஒன் பங்க அவதான் போடுறா. போன மாசம் காதுல இருந்தத கழட்டினா. இப்ப வேப்பங்குச்சி சொருகியிருக்கா, காது தூந்திடக் கூடாதுன்னு. திருப்பி மாட்டுவோம்னு இன்னமும் நம்புறா பாரு, அது ஒன்மேல வச்ச நம்பிக்கை.

அப்புறம் ஒங்கம்மா குழுவுல எடுத்த லோன். ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க எடுத்ததுதான். அஞ்சு பொம்பளைங்க ஒருத்திக்கு ஒருத்தி பிணை. கெழமைக்கு ஒரு நாள் கோயில் மடத்துல ஒக்கார வைக்கிறான், மோட்டார் சைக்கிள்ல வாற பொடியன். ஒருத்தி காசு கொறைஞ்சாலும் எல்லாரும் ஒக்காந்திருக்கணும். நான் ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். மலையில இருந்து நேரா வந்திருக்காளுக, இடுப்புல படங்கு கட்டினபடி. ஒங்கம்மாவுக்கு முந்நூறு ரூபா கொறையுது. யாரும் திட்டல. திட்டினாக்கூட மனசுக்கு லேசா இருந்திருக்கும். ஒருத்தி முந்தானை முடிச்ச அவுத்து நூறு ரூபா வச்சா, இன்னொருத்தி சில்லறையா எண்ணி எண்ணி வச்சா. ஒங்கம்மா தலையத் தூக்கல. அந்தப் பொடியன் கொட்டாவி விட்டுக்கிட்டுக் கார்டுல கையெழுத்துப் போட்டான். அவன் மேலயும் கோவப்பட முடியல, காசு கொறைஞ்சா அவன் சம்பளத்துல புடிப்பாங்களாம்.

மூணாவது பாங்கு லோன். அதுக்கு ரெண்டு பிணைக்காரன். ஒருத்தன் ஒன் கூட்டாளி, அவனும் இப்ப ருமேனியாவுல. மத்தவன் யாருன்னு கேக்கிறியா? பேரு சொன்னா ஒனக்குத் தெரிஞ்ச ஆள்தான், இப்ப ஒன்கூடப் பேசிக்கிட்டிருக்கான். மறைக்க மாட்டேன் மருமகனே, இந்தப் புத்திமதியில எனக்கும் பங்கு இருக்கு. பாங்குல கையெழுத்து வைக்கும்போது நீட்டி நீட்டிப் பக்கம் பக்கமா காயிதம் கொடுத்தாங்க, ஒண்ணுல எழுதியிருக்காம்: கடன் வாங்கினவனத் தேடிட்டுத்தான் பிணைக்காரன்கிட்ட வரணும்னு இல்ல, நேரா பிணைக்காரன்கிட்டயே வரலாம்னு. சரியான ஆளுகதான். கட்டார்ல தேடுறதவிட மொனராகலையில தேடுறது லேசு.

இப்ப யாருக்கு மொதல்ல கட்டுறதுன்னு சொல்றேன். நான் கடைசி. பாங்கு அதுக்கும் முன்னால இல்ல, என்கூடவே கடைசி. பாங்குக்கு ஒரு கடுதாசி போடு: நான் இன்ன எடத்துல இருக்கேன், இவ்வளவுதான் இப்ப ஏலும்னு. நாடே அப்படித்தான் எழுதுச்சு, வெக்கப்படாத. மொதல்ல சீட்டு. அதோட ஒங்கம்மா குழு. அதுக்கு அடுத்து தங்கச்சி சங்கிலி, அடகுக் கடையில வட்டி ஏறுது, தவணை தாண்டினா ஏலத்துல போயிடும். அடுத்து கடைக்கார அண்ணன், சட்டத்துல செத்துப்போன கடனா இருந்தாலும். ஒங்கம்மா முட்டி வலிக்காக. ஏஜென்சிக்காரனுக்கு இன்னும் அம்பதாயிரம் பாக்கின்னியே, அத மட்டும் நெசமாவே கட்டாத. ஓட்டல் வேலன்னு சொல்லி ஒன்ன வெயில்ல கம்பி கட்ட வச்சவன்தானே? அவன் வந்து கேட்டா என்கிட்ட அனுப்பு. நான் அவனுக்குக் கோப்பி மலைத் துரைமார் கதையை ஆதியில இருந்து சொல்றேன்.

காசு பாங்குல அனுப்புறியா, உண்டியல்ல அனுப்புறியான்னு நான் கேக்க மாட்டேன். நாடு நொடிச்ச 2022ல வெளிநாட்டுல இருந்து வந்தது ஏறக்குறைய 380 கோடி டொலர்தான். 2024ல 650 கோடிக்கு மேல வந்துச்சு. ஒன்ன மாதிரிப் பொடியனும், வீட்டு வேலைக்குப் போன நம்ம பொம்பளைகளும் அனுப்பினது. அந்தக் காசுலதான் பெற்றோல் கப்பல் வருது, மந்திரிமார் காரும் ஓடுது. அதனால ஒன்ன ஒருத்தன் கடன்காரன்னு சொன்னா, நெஞ்ச நிமித்தி நான் நாட்டுக்கே கடன் கொடுத்தவன்னு சொல்லு. சித்திகிட்ட மட்டும் சொல்லிடாத.

வாற பத்தாம் தேதி சீட்டு. அடுத்த கெழம பாங்குத் தம்பி வாறான்னு தகவல். நல்ல பிள்ள, தேத்தண்ணிக்குச் சீனி கொறச்சுத்தான் குடிப்பான். ஒன் புது நம்பர் என்கிட்ட இருக்கான்னு கேப்பான். இருக்கு. கொடுக்கவா வேணாமா, அத மட்டும் பேசி அனுப்பு.